எந்தப் பக்கம் மேல்

ஜூலை இரண்டாம் வாரம்,
ஆண்டாப் ஹில், மூன்றாம் மாடி.
படுக்கையறைச் சுவரில் முதலில் அது
ஒரு கட்டைவிரல் அளவுதான் இருந்தது.
டீ சிந்தியதென்று நினைத்தேன்.
அந்த உயரத்தில் யார் டீ குடிப்பார்கள்?

மார்ச்சிலிருந்து ஒரு வெற்றுக் கேன்வாஸ்
பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே
கிளம்புகிற நாளைச் சொல்லாத விருந்தாளிபோல் நின்றது.
நானும் என்னவெல்லாமோ செய்தேன்.
ஞாயிறுகளில் காலா கோடாவுக்குப் போய்
மற்றவர்கள் வரைந்ததைக் கழுத்து வலிக்கப் பார்த்தேன்.
வங்கி வவுச்சரின் பின்புறம் கட்டங்கள் போட்டு
மேனேஜரிடம் பேச்சு வாங்கினேன்.
வட்டம் வரைந்தால் வட்டமாகவே இருந்தது.
சிவப்பு தீட்டினால் சிவப்பு.
அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

கறை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை அதற்கு ஓரம் வந்தது,
உள்ளே வெளிறி, விளிம்பில் கறுத்து,
ரசம் வற்றிய பாத்திரத்தின் கோடுபோல.
சனிக்கிழமைக்குள் பெயிண்ட் உப்பி உதிர்ந்து
நீலமும் இல்லாத பச்சையும் இல்லாத ஒன்று
அடியில் தெரிந்தது.
அதற்கும் அடியில் ஒரு ரோஸ்.
எனக்கு முன்னால் எத்தனை பேர்
எந்தெந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு
இங்கே தூங்காமல் கிடந்தார்களோ.
சொசைட்டிக்குப் புகார் எழுத உட்கார்ந்தவள்
பாதியில் பேனாவை மூடினேன்.

தூரிகை வேண்டியிருக்கவில்லை.
பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச், பழைய டூத் பிரஷ்,
காலையில் மிஞ்சிய டிகாக்‌ஷன்.
ஊற்றினேன், சாய்த்தேன்,
அது போகிற வழியில் போக விட்டேன்.
ராத்திரி ஒரு மணிக்கு மேலே
சர்ரென்று ஒரு சத்தம் வரும்.
விடிந்தால் சுவரில் ஒரு விரல் நீண்டிருக்கும்.
நானும் கேன்வாஸில் ஒரு விரல் நீட்டுவேன்.
பதினேழு நாள்.

ஹார்பர் லைனில் நின்றபடி போகையில்
ஜன்னல் கம்பித் துரு, சிவ்ரி தாண்டும்போது சேறு,
கூரைகளில் நீலத் தார்ப்பாய்
மூச்சு வாங்கி அடங்குவது,
முன்னால் நிற்பவளின் நனைந்த துப்பட்டாவில்
பாதி மட்டும் இறங்கிய சாயம்,
எல்லாமே என் சுவரைப் பற்றித்தான் பேசின.

ஆகஸ்டில் 202-லும் ஒழுகவே
சொசைட்டியே ஆளனுப்பியது.
பிகாஜி சாவந்த், வாட்டர்புரூஃபிங்.
காதிடுக்கில் பென்சில், கையில் சின்னச் சுத்தியல்.
சுவரை டொக் டொக்கென்று தட்டிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்.
எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை மேடம்,
நாலு இடத்தில் உடைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு திரும்பினார்.
கேன்வாஸ் காய்ந்துகொண்டிருந்தது.
அது ஒன்றுமில்லை, சும்மா ஏதோ, என்று
நான் ஆரம்பிப்பதற்குள்
கையமர்த்தினார்.
என்னைக் கேட்காமலே அதைத் தூக்கித்
தலைகீழாய்ச் சாய்த்து வைத்தார்.
தொடாமல், காற்றில்,
விரலால் ஒரு கோட்டைப் பின்தொடர்ந்தார்.
இது பைப். இது எல்போ.
இதோ, இங்கேதான் வாய் பிளந்திருக்கிறது.
402, பாத்ரூம், இடது மூலை.

நல்ல பிளான், என்றார்.
யார் போட்டது?

மேலே திருமதி லோபோ கதவைத் திறந்து
நான்கு முறை மன்னிப்புக் கேட்டாள்.
மகன் மெல்வினுக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட்.
ஒரு மணிக்கு வந்துதான் குளிப்பானாம்.
வார்டு வாசனை போகிறவரை
பக்கெட் பக்கெட்டாய்.

பதினேழு நாளும் நான் வரைந்தது
அலுத்து வந்த ஒரு பையனின் குளியலை.

ஒரே இடத்தில் உடைத்தார்கள். சரியாக அங்கேதான்.
சுவருக்கு இரண்டு கோட் வெள்ளை அடித்தாயிற்று.
ராத்திரி ஒரு மணிக்குச் சத்தம் இன்னும் வருகிறது.
சுவர் எதுவும் சொல்வதில்லை.

படத்தை அவர் வைத்த மாதிரியே மாட்டியிருக்கிறேன்.
ஓரத்தில் பிகாஜி தன் வசதிக்காகப்
பென்சிலால் போட்ட அம்புக்குறி ஒன்று இருக்கிறது,
மேல் நோக்கி.
அழிக்கவில்லை.
எனக்கு அடிக்கடி மறந்துபோகிறது.